15 வருடம் நின்ற மஸ்டாங்கை வாங்கலாமா?

கேள்வி: 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில், ஒரு பண்ணைக் கொட்டகையில் 15 வருடமாக நிற்கிறது. 289 கன இன்ச் வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நிறுத்தும்போது நன்றாக ஓடியதாம். புது பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார் விற்பவர். படத்தில் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது. அங்கே இருக்கும் நண்பர் நேரில் போய்ப் பார்க்கத் தயார். அவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கப்பலில் கொண்டுவர என்ன தேவை? வந்த பிறகு முதலில் இன்ஜினா, பெயிண்டா? ஈயம் இல்லாத பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: நண்பரிடம் முதலில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. விற்பவர் பேட்டரியும் கையுமாகக் காத்திருந்தாலும் வேண்டாம். இத்தனை வருடம் நின்ற இன்ஜினை ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றினால் துருப்பிடித்து ஒட்டிய பிஸ்டன் ரிங், ஒட்டிய வால்வு, எண்ணெய் வடிந்து காய்ந்த பேரிங் எல்லாம் ஒன்றாக அடி வாங்கும். சத்தத்தைக் கேட்கும் ஆசையில் நல்ல இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

அதோடு, இந்த வண்டி தேறுமா தேறாதா என்பதை இன்ஜின் தீர்மானிப்பதில்லை. 289-க்கு வேண்டிய பாகமெல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. பிரித்துக் கட்டுவதும் தெரிந்த வேலைதான். ஆனால் மஸ்டாங்குக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது; பாடிதான் சேஸிஸ். அதில் துரு விழுந்தால் வண்டியைத் தாங்கும் பலமே போய்விடும். ஓஹாயோவோ பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலம். ஆகவே உங்கள் நண்பர் போவது துருவைப் பார்க்க. அவர் கையில் 5 லிட்டர் தண்ணீர், நல்ல டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், பழைய ஸ்க்ரூடிரைவர், ஜாக், இரண்டு ஸ்டாண்ட் இருந்தால் போதும். மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். கொட்டகை வண்டியின் சீட்டுக்கடியிலும் ஹீட்டர் பெட்டியிலும் எலி கூடு கட்டியிருக்கும். அங்குள்ள சில வகை எலிகளின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த எச்சத்தைக் கூட்டவோ காற்றடித்து ஊதவோ கூடாது. ப்ளீச் கலந்த நீரைத் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.

முதல் சோதனை கவுல். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வரிசையாகத் துவாரமிட்ட தகடு இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள பெட்டிதான் கவுல். வண்டிக்குள் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. மழைநீரும் அதே துவாரத்தில் இறங்கி, இரு ஓரத்திலும் முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். காற்று போகும் இரண்டு வட்டத் துளைகளிலும் தண்ணீர் விழாதபடி, துளையைச் சுற்றி உயரமான விளிம்பு வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் விழுந்த இலையும் தூசியும் அந்த விளிம்பின் அடியில் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்க, தகடு அங்கேதான் அரிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையும் நுழையாது. மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்து மூடிவிட்டார்கள்.

சோதிக்கும் முறை எளிது. தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு ஒருவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுக்க வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து வலப்பக்கம் இரண்டு லிட்டர், இடப்பக்கம் இரண்டு லிட்டர் மெதுவாக ஊற்றட்டும். தண்ணீர் முழுவதும் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டினால் நல்லது. உள்ளே சொட்டினால் ஓட்டை. பயணி பக்கத்து ஓட்டைத் தண்ணீர் ஹீட்டர் பெட்டி மேல் விழுந்து வழியும். அதைப் பார்த்து, ‘ஹீட்டர் லீக்தான், சின்ன வேலை’ என்று விற்பவர் உண்மையாகவே நம்பிச் சொல்லலாம். ரேடியேட்டரில் தண்ணீரே இல்லாத வண்டியில் ஹீட்டர் எப்படி ஒழுகும் என்று நண்பர் கேட்கட்டும்.

இதைச் சரிசெய்யச் சின்ன வழி இல்லை. பானெட், இரண்டு ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு), முன் கண்ணாடி எல்லாம் கழற்றி, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாக டிரில் செய்து மேல் தகட்டைப் பிரிக்க வேண்டும். பிறகு கீழ்த் தகட்டை மாற்றி, சீலர் போட்டு, திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும். உள்ளிருந்து ஒட்டும் பிளாஸ்டிக் விளிம்புகள் கடையில் உண்டு. ஊசித்துளை அளவு ஓட்டைக்கு அது தற்காலிகமாக உதவும். அரித்து உதிரும் தகட்டில் ஒட்டவே ஒட்டாது.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. இன்ஜின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் ஃபயர்வாலும் தரைத் தகடும் சேரும் மூலையில், முன் கதவுக்குச் சற்று முன்னால், டார்க் பாக்ஸ் (torque box) என்ற பெட்டி வடிவ இணைப்பு இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் முன் ரெயிலின் சுமையைப் பாடிக்குக் கடத்துவது அதுதான். அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்த வேண்டும். நல்ல தகடு ‘டங்’ என்று சத்தம் தரும். அரித்தது பிஸ்கட் போல நொறுங்கும். பேட்டரி இருக்கும் இடம் பயணி பக்கத்து முன் மூலை. அமிலம் சொட்டிச் சொட்டித் தட்டு, அதன் அடியிலுள்ள அப்ரன் (இன்ஜின் அறையின் பக்கச் சுவர்), ரேடியேட்டர் தாங்கி, முன் ரெயில் என்று வரிசையாக இறங்கியிருக்கும். பின்னால் ஸ்பிரிங் கண்ணி மாட்டியிருக்கும் ரெயில் பகுதி, டிக்கியின் ஓரத் தரை, சக்கர வளைவின் உள்பக்கம் மூன்றையும் பார்க்கட்டும். தரையில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் சந்தேகப்படலாம். கொட்டகையில் தூங்கிய வண்டிக்கு யாரும் காரணமில்லாமல் அடியில் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள்.

பாடியின் பலத்தை ஜாக்கே காட்டிக்கொடுக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால், ரெயிலில் கெட்டியான இடம் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இயல்பாக மூடினால் பாடி வளையவில்லை. கதவு இடித்தாலோ மேல் இடைவெளி மாறினாலோ எங்கேயோ இணைப்பு விட்டிருக்கிறது.

பெயிண்டின் பளபளப்பைக் காந்தத்திடம் விட்டுவிடுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றி, கதவின் அடி விளிம்பு, முன் ஃபெண்டரின் பின்பக்கக் கீழ் மூலை ஆகிய இடங்களில் காந்தம் பிடிக்காமல் நழுவினால் உள்ளே பட்டிதான். ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டைத் தொழிற்சாலையிலேயே ஈயம் ஊற்றி நிரப்பினார்கள். அங்கே காந்தம் பலவீனமாகப் பிடிப்பது குறையில்லை.

இனி எண். ஓட்டுநர் பக்கத்து அப்ரனின் மேல் விளிம்பில் வண்டியின் அடையாள எண்ணைக் குத்தியிருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் ஃபெண்டர் விளிம்பில் அதற்கென வெட்டிய இடைவெளியில் தெரியும். முதல் இலக்கம் 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டச்சன். பிறகு பாடி வகை: 07 கூபே, 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்துதான் இன்ஜின். சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 200 குதிரைசக்தி 289, ஏ என்றால் நான்கு பேரல் 225, கே என்றால் 271. டி (T) என்று இருந்தால் அந்த வண்டி பிறந்தது ஆறு சிலிண்டரோடு. வி8 பின்னால் ஏறியது. அதற்கு இன்னொரு சாட்சி சக்கரம். வி8 வண்டிக்கு ஐந்து நட்டு, ஆறு சிலிண்டருக்கு நான்கு. நான்கு நட்டுச் சக்கரத்தோடு 289 ஓடினால் 9 இன்ச் டிரம்மும் சிறிய பின் ஆக்சிலும் அப்படியே இருக்கும். வி8-க்கு வர வேண்டியது 10 இன்ச் டிரம், 8 இன்ச் ஆக்சில்.

கதவில் ரிவெட் அடித்த தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். கதவு மாறும், அந்தத் தகடும் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது. ‘நம்பர் பொருந்தும் இன்ஜின்’ என்று கூடுதல் விலை கேட்டால் மறுத்துவிடுங்கள். 1966-இல் கே இன்ஜினைத் தவிர மற்ற 289-களில் வண்டி எண்ணைக் குத்தவில்லை. பிளாக்கில் உள்ள வார்ப்பு எண்ணையும் தேதிக் குறியையும் வைத்து, வண்டி தயாரான காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டுமே சொல்ல முடியும். வார்ப்பு எண் சி6ஏஇ என்று தொடங்கினால் பதற வேண்டாம். அதிலுள்ள ஏ ஃபோர்டின் பெரிய கார்களைக் குறிக்கும் எழுத்து. அந்த பிளாக் மஸ்டாங்கிலும் வந்ததுதான்.

விற்பவர் அனுமதித்தால் இன்ஜினில் செய்யக்கூடிய ஒரே சோதனை இது. எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 15 மில்லி அளவு ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் விட்டு, முன்னால் உள்ள கிராங்க் போல்ட்டில் 15/16 சாக்கெட் போட்டு, முன்னிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக மெதுவாகத் திருப்ப வேண்டும். நகர்ந்தால் நல்ல செய்தி. நகராவிட்டால் பலவந்தம் வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்க அது போதும். ஆயில் குச்சியையும் மோந்து பார்க்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர்.

தரைத் தகடு, டிக்கித் தரை மட்டும் போயிருந்தால் வாங்கலாம். தயாராக அழுத்திய தகடு கிடைக்கிறது, வேலையும் நேரானது. கவுல் மட்டும் ஒழுகினால் அந்த வேலையின் கூலியைக் கணக்கிட்டு விலை பேசுங்கள். கவுலும் டார்க் பாக்ஸும் ரெயிலும் சேர்ந்து போயிருந்தால் விட்டுவிடுங்கள். கூபே மஸ்டாங் அபூர்வமில்லை. மழை குறைந்த அரிசோனா, நெவாடா பக்கம் இதைவிட அசிங்கமான பெயிண்டும் நல்ல தகடுமாக இன்னொன்று கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே லாபம்.

காகிதம். அமெரிக்காவில் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலை அந்தந்த மாநிலம் தருகிறது. பழைய வண்டிக்கு எல்லா மாநிலமும் தருவதில்லை. உதாரணமாக நியூயார்க்கில் 1972 மாடலும் அதற்கு முந்தியதும் டைட்டில் இல்லாமல், மாற்றத்தக்க பதிவுச் சான்றோடுதான் கைமாறும். உங்களுடையது ஓஹாயோ வண்டி. டைட்டில் இருக்க வேண்டும். அதில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, அதில் உள்ள எண்ணும் அப்ரன் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, வங்கிக் கடன் குறிப்பு உண்டா, சால்வேஜ் (சேதமாகிக் கழித்துவிட்ட வண்டி) முத்திரை உண்டா என்று பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்ட டைட்டிலைத் தொடவே வேண்டாம். எண் 17 இலக்கம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 17 இலக்க முறை 1981 மாடலிலிருந்துதான் வந்தது.

ஏற்றுமதிக்கு அமெரிக்கச் சுங்கம் அசல் டைட்டிலைக் கேட்கும். கப்பல் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் காகிதமும் வண்டியும் துறைமுகத்தில் அவர்களிடம் இருக்க வேண்டும். மின்னணு ஏற்றுமதிப் பதிவையும் கப்பல் ஏஜென்ட் செய்து, அதற்குரிய எண்ணைப் பெற வேண்டும். பழைய வண்டி என்றால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பதிவு கட்டாயம். அசலை நண்பர் தபாலில் உங்களுக்கு அனுப்பிவிட்டால் வண்டி துறைமுகத்தில் நின்றுபோகும். உங்களுக்கு நகல் போதும்.

உங்கள் பக்கத்து விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே பணம் கொடுக்கும் முன் சுங்க முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வண்டியைச் சுங்கவரிப் பட்டியலின் 9705 தலைப்பில் வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருளாக ஏற்பார்களா, 8703-இல் சாதாரணக் காராகப் போடுவார்களா? வரி வித்தியாசம் மிகப் பெரியதாக இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங்கைப் பதிவு செய்ய முடியுமா? ஆஸ்பெஸ்டாஸ் பற்றி என்ன விதி? பழைய பிரேக் லைனிங், கேஸ்கெட் ஆகியவற்றில் அது இருக்கும். ஆஸ்திரேலியா போன்ற நாடு அதை அறவே அனுமதிப்பதில்லை. கப்பல் ஏறும் முன்பே அங்கேயே மாற்றி, சான்றோடு அனுப்ப வேண்டும். அடியில் ஒட்டிய மண்ணும் எலிக்கூடும் அங்கே இன்னொரு தடை. விளக்குகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். மஸ்டாங்கின் பின் இண்டிகேட்டர் பிரேக் விளக்கோடு ஒரே பல்பில் சிவப்பாக எரியும்; பல நாடுகள் மஞ்சள் கேட்கின்றன. ஹெட்லைட் வலப்பக்கச் சாலைக்கானது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். நல்லவேளையாக அது எங்கும் கிடைக்கும் 7 இன்ச் வட்ட விளக்கு, எளிதில் மாற்றலாம்.

ஓடாத வண்டிக்குக் கன்டெய்னர்தான் சரி. உருட்டி ஏற்றும் கப்பலில் வண்டி தானாக ஓடி, திரும்பி, நிற்க வேண்டும். இல்லையென்றால் மறுப்பார்கள் அல்லது கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். மஸ்டாங்கின் நீளம் 4.6 மீட்டர், 20 அடிக் கன்டெய்னரின் உள் நீளம் 5.9 மீட்டர், தாராளமாக நிற்கும். அகலத்தில்தான் இடைஞ்சல். வண்டி 1.73 மீட்டர், கன்டெய்னர் வாசல் 2.34 மீட்டர்; இரு பக்கமும் 30 சென்டிமீட்டரே மிஞ்சும். கூபேயின் நீளக் கதவு அதற்குள் திறக்காது. ஸ்டியரிங் பிடித்து உள்ளே போகிறவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கண்ணாடியை முன்பே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பெல்ட்டை ஆக்சிலிலும் ரெயிலிலும் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துத் தரையில் ஆணி அடிக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் மட்டும் போடக் கூடாது. கடல் ஈரத்தில் வாரக்கணக்கில் நின்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

வண்டி வந்த பிறகு, பெயிண்ட் கடைசி. தகடு, பிரேக், பெட்ரோல் வழி, அதன் பிறகு இன்ஜின், வயரிங் என்று போங்கள். ஒரு வருடம் ஓட்டி, ஒழுகலெல்லாம் நின்று, கதவு இடைவெளி நிலைத்த பிறகு பெயிண்டுக்கு விடலாம். தரைத் தகட்டை வெட்டும்போது ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் தொடங்குங்கள். வண்டியின் எடை சக்கர மட்டத்திலேயே தாங்கப்பட்டிருக்க வேண்டும். கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்யாமல் கட்டரை எடுக்கக் கூடாது. நீளமாக வெல்டிங் இழுத்தால் தகடு சுருங்கி நெளியும். 0.6 மில்லிமீட்டர் கம்பியில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்வதே முறை. வெறும் தகட்டின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல்தான் சீலர். ரெயிலின் உட்புறத்துக்கு மெழுகு அடித்து, வடிகால் துளைகளைத் திறந்து வைக்க வேண்டும்.

பிரேக்கில் பாதி வேலை என்பதே கிடையாது. 1966 மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துப் பிரேக்கும் ஒரே நொடியில் கையை விட்டுப் போகும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. அந்த வருட டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை இதில் பொருத்தி, முன் பின் குழாய்களைத் தனித்தனியாக்குவதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். டிஸ்க் வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரைத் தவறியும் வாங்காதீர்கள். டிரம்முக்கு வரும் வழியில் சுமார் 10 பிஎஸ்ஐ எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். அதற்கான சின்ன வால்வு டிஸ்க் வகையில் இருக்காது. விளைவு, சக்கர சிலிண்டரின் ரப்பர் தளர்ந்து காற்றை இழுக்கும், பெடல் ஒவ்வொரு முறையும் கீழே போகும்.

நான்கு சக்கர சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாக் குழாயும் புதிது. 3/16 இன்ச் செம்பு நிக்கல் குழாய் வளைக்க எளிது, துருப்பிடிக்காது. முனையில் இரட்டை மடிப்பு ஃப்ளேர் கட்டாயம். டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், பார்த்துக் கட்ட மாதிரி வேண்டும். குட்டையான லைனிங் வைத்த ஷூ வண்டியின் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிப்பது பாதியாகும். நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டருக்கு இடம் வலம் உண்டு. மாறினால் ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் அடிக்கும்போதெல்லாம் இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பது வலப்பக்கப் பின் சக்கரம், இடப்பக்கப் பின், வலப்பக்க முன், இடப்பக்க முன் என்ற வரிசையில்.

பெட்ரோல் டேங்கின் மேல் தகடுதான் இந்த வண்டியில் டிக்கியின் தரை. நிரப்பும் குழாயும் டிக்கிக்குள்ளேயே ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக டேங்கோடு சேர்கிறது. அது வெடித்திருந்தால் பெட்ரோல் டிக்கியில் கொட்டி, ஆவி உள்ளே சீட்டுவரை வரும். 16 கேலன், அதாவது 60 லிட்டர் கொள்ளும் இந்த டேங்கைச் சுத்தம் செய்து பூச்சுப் போடுவதைவிடப் புதியது வாங்குவது நல்லது. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ 30ஆர்9 வகையில் எடுங்கள். பம்பும் புதிது. இரண்டு பேரல் ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர் எளிமையானது, நம்பகமானது. ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம், பவர் வால்வு, ஊசி, கேஸ்கெட் அடங்கிய கிட் போதும். பக்கத்தில் வட்டத்துக்குள் 1.08 போன்ற எண் இருக்கும். கிட்டோ ஜெட்டோ வாங்கும்போது அதைச் சொல்ல வேண்டும்.

இப்போதுதான் இன்ஜின். சிலிண்டரில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். வால்வு கவர் இரண்டையும் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றி, 16 வால்வும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். ஒன்று நின்றபடி நின்றால் அதை எண்ணெயால் தளர்த்தும்வரை மேலே சுற்றக் கூடாது, புஷ் ராட் வளையும். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரோடு 4.7 லிட்டர் புதியது ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பேரிங்குக்கு ஆயில் போக வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு அதைத் தூக்கினால், அடியில் 1/4 இன்ச் அறுகோணத் தண்டு தெரியும். அதில் சாக்கெட் வைத்து டிரில்லால் இடஞ்சுழியாகச் சுற்றினால் ஆயில் பம்ப் சுழலும். டிரில் கனத்து இழுக்கத் தொடங்கும், மேலே ராக்கரில் ஆயில் ஊறும். கிராங்கைக் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி எல்லா ராக்கருக்கும் வரவிடுங்கள். இங்கே ஓர் ஆபத்து உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும்போது அந்தத் தண்டு ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி, பாதி வழியில் கழன்று ஆயில் பேனுக்குள் விழும். அது மேலே வராமல் தடுக்கும் வளையம் பழைய வண்டியில் தளர்ந்திருக்கும். மெதுவாகத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே எடுங்கள். சாக்கெட்டையும் டேப் சுற்றி நீட்டுக் கம்பியோடு ஒட்டிவிடுங்கள், அதுவும் உள்ளே விழும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.017 இன்ச், பிளக் 0.034 இன்ச். டைமிங், வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, 6 டிகிரியில் தொடங்குங்கள். ஃபயரிங் வரிசை 1-5-4-2-6-3-7-8, ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழி. ஷெவர்லே பழகிய மெக்கானிக் பழக்கத்தில் 1-8-4-3-6-5-7-2 என்று வலஞ்சுழியாக வயர் மாட்டிவிடுவார். கார்புரேட்டர் வழியாக நெருப்பு வரும். சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் இளஞ்சிவப்பு வயர் சாதாரண வயர் இல்லை, அதுவே ரெசிஸ்டர். யாராவது அதை மாற்றி நேராக 12 வோல்ட் கொடுத்திருந்தால் பாயிண்ட் சீக்கிரமே கருகும். முதல் ஸ்டார்ட்டுக்கு அருகில் தீயணைப்பான், தனி கேனில் புதுப் பெட்ரோல். பத்து நொடிக்குள் ஆயில் அழுத்தம் வராவிட்டால் அணைத்துவிடுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டாமல், கியர் பெட்டியின் வேக்குவம் மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் சிவப்பு எண்ணெய் இருந்தால் டயஃப்ரம் கிழிந்து இன்ஜின் கியர் எண்ணெயைக் குடிக்கிறது, சின்னச் செலவு. இந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியான சி4-க்கு டைப் எஃப் எண்ணெய் போட வேண்டும்.

ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஈயம் இல்லாதபோது வால்வு சீட் தேய்வது நீண்ட நேரம் அதிவேகத்திலும் பாரத்திலும் ஓடும் இன்ஜினில்தான். எப்போதாவது வேறு காரணத்துக்கு ஹெட் இறங்கினால் எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில்தான் அவசரம். இந்த இன்ஜினின் கேம், தட்டையான டேப்பட் மேல் உரசி ஓடுகிறது. அதைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும். இன்றைய மெல்லிய பெட்ரோல் கார் ஆயில்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்-க்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். பழைய கார்களுக்கென விற்கும், 1,000 பிபிஎம்-க்கு மேல் உள்ள 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 வாங்குங்கள்.

கருவிகள் எல்லாம் இன்ச் கணக்கு. 7/16, 1/2, 9/16, 5/8 ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் இல்லாமல் தொடங்காதீர்கள். 5/16 இன்ச் போல்ட் தொலைந்த இடத்தில் எம்8 போட ஆசை வரும். விட்டம் ஏறக்குறைய ஒன்று, இரண்டு சுற்று கையால் ஏறியும் விடும். மரையின் அடர்த்தி வேறு என்பதால் அடுத்த சுற்றில் பிளாக்கின் மரையையே உரித்துவிடும். கழற்றும் போல்ட்டுகளை இடம் எழுதிப் பையில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

டயரின் தேதியைப் பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது. பழைய 6.95-14 அளவுக்கு 195/75ஆர்14 பொருந்தும். புது டயர் மாட்டி முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த சக்கரமும் டிரம்மும் சேருமிடத்தில் பூச்சு நசுங்கி, நட்டு தளர்ந்திருக்கும்.